சத்தம் போடாதவரிடம் முதலில் போகிறவர்

பிள்ளைகளா, எனக்கு அலுத்துவிட்டது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு "தாத்தாகிட்ட சொல்லு", "அவகிட்ட சொல்லு" என்று இரண்டு பக்கமும் தூது போக என்னால் முடியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

எண்ணூர் சாலையில் டேங்கர் லாரிக்கு ஒதுங்கப்போய் நாம் போன ஷேர் ஆட்டோ கவிழ்ந்ததே, அன்றைக்குப் பெரியவளே, நீ மணிக்கட்டு உடைந்து அலறிக்கொண்டிருந்தாய். தாத்தா உன்னைத் தாண்டிப் போனார். ஆமாம், நானும் பார்த்தேன். போய், ஓரமாக வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்த, நம்மோடு ஆட்டோவில் வந்த மீன்கார அம்மாவின் கண்ணை விரித்துப் பார்த்தார். அந்த அம்மா அவர் கையைத் தட்டிவிட்டார்.

"யோவ் பெர்சு, கைய எடு! எனுக்கு ஒண்ணியும் இல்ல. எங்கூடை எங்க போச்சு, அத்தப் பாரு!"

உனக்கு மாவுக்கட்டுப் போட்டு வீட்டுக்கு வந்ததும் நான் வெடித்தேன்.

"சொந்தப் பேத்தி கத்துறா, உனுக்குக் காது கேக்கலயா நைனா?"

"கத்துனா மூச்சு கீதுன்னு அர்த்தம். கம்முனு கீறவங்களத்தான் மொதல்ல பாக்கணும்."

"அது சண்டையில! இது ஷேர் ஆட்டோ!"

தாத்தா ராணுவத்தில் டாக்டர் இல்லை. பங்களாதேஷ் சண்டையில் அடிபட்டவர்களுக்குக் கட்டுப் போட்டு, ஸ்ட்ரெச்சரில் தூக்கிப் போனவர். அங்கே பழகியதை இந்த வயதிலும் விட மாட்டேன் என்றால் என்ன செய்வது? நான் சின்னப் பையனாக இருந்தபோதும் இதே கதைதான். அழுதுகொண்டு போனால் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். சண்டைக் கதையாவது சொல்வாரா, அதுவும் கிடையாது.

"சரி, 'இரு கண்ணு, தோ வர்றேன்'னு ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயிருக்கலாம்ல?" என்றேன்.

தலையைக் குனிந்துகொண்டார். "சொல்லணும்னா நிக்கணும். நின்னா அப்பால காலு நவுராதுடா. ஒரு தபா நின்னேன். கத்துனவன் என் தோஸ்து. அவன் பொழைச்சிக்கினான். பக்கத்துல ஒருத்தன் கம்முனு கெடந்தான்..."

அதை முடிக்காமலே அடுத்து என்ன சொன்னார் தெரியுமா? "அந்தம்மா வூட்டுக்குப் போயி படுத்துதோ இன்னாவோ. தலையில அடின்னா லேட்டாதான் தெரியும்." பேத்தி கையில் கட்டோடு உட்கார்ந்திருக்கிறாள், இவருக்கு மீன்கார அம்மா கவலை! எரிச்சலில் எழுந்து வெளியே போய்விட்டேன். அவர் செய்தது சரி என்று இன்றைக்கும் சொல்ல மாட்டேன். நீ பேசுவதும் பேசாததும் உன் இஷ்டம்.

ஆட்டோ கவிழ்ந்த மறுநாள் வேலைக்குப் போகிற வழியில், மீன் விற்கிறவர் அங்கேதான் இருப்பார் என்று திருவொற்றியூர் மார்க்கெட்டில் இறங்கி, யாரிடமும் சொல்லாமல் அந்த அம்மாவைத் தேடினேன். பேரம் பேசிய ஒருவரைத் தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி திட்டிக்கொண்டிருந்தார். எதுவும் வாங்காமல், எதிர்ப்பக்கம் நின்று கொஞ்ச நேரம் அதைக் கேட்டுவிட்டு, பஸ் ஏறினேன்.