கோணல் தையல்

இன்று செங்கல்பட்டிலிருந்து வரும் பஸ்ஸில் என் பக்கத்தில் ஓர் அக்கா. மனநல ஆஸ்பத்திரியிலிருந்து மகனைக் கூட்டிப் போகிறாள். அவன் நெற்றியில் தையல்.

“மனசு டாக்டரே தச்சாரும்மா. சின்னக் காயத்துக்கு இப்ப அவங்களுக்கே ட்ரெயினிங் குடுத்துகீறாங்க. இன்னா கோணல் பாரு! கிழிஞ்ச ஜாக்கெட்ட நான் இதவிட நேரா தச்சுடுவேன்.”

“நல்லாத்தான்கா கீது,” என்றேன்.

போன வருஷம் என் மகனுக்கும் காலில் சின்னக் காயம்தான். மனசு டாக்டர் வேறு ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார். அங்கே, மனநோயாளி என்று சேர்க்கவில்லை. அலைந்து முடிப்பதற்குள் சீழ் வைத்துச் செத்துப் போய்விட்டான்.

மதுராந்தகம் வரும்வரை எனக்கு வயிறு எரிந்தது.

என் பிள்ளைக்கும் கோணலாகத் தைத்திருந்தால் நானும் ஊரெல்லாம் சொல்லித் திட்டியிருப்பேன். இதைப் படிக்கும் உங்களில் யாருக்கெல்லாம் அந்தக் கொடுப்பினை கிடைத்தது?