பேச்சிழந்த அப்பா சொன்ன ஒரே சொல்

மாரியம்மனை நம்பி வாழும் என் சொந்தங்களே, தொண்ணூற்றாறாம் ஆண்டு எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். இன்றைக்கு நினைத்தாலும் உடம்பு சிலிர்க்கிறது.

அப்போது நான் மலாக்காவில் செங் வட்டாரத்தில் ஒரு தொழிற்சாலையில் உற்பத்தித் திட்டப் பிரிவில் வேலை செய்தேன். வீடு ஜாசினுக்குப் பக்கத்தில் எண்ணெய் எடுக்கும் ஒரு செம்பனைத் தோட்டத்தில். அப்பா தோட்டத்து லாரி ஓட்டுநர். எம்.பி.ஏ. படிக்க வேண்டும் என்பது என் ஆசை. கோலாலம்பூருக்குப் போய் அதற்கான நுழைவுத் தேர்வை எழுதினேன். கணக்குப் பகுதியில் கை நடுங்கியது. பாதிக் கேள்விகளைத் தொடவே இல்லை. மதிப்பெண் பல்கலைக்கழகம் கேட்ட அளவுக்குக் கீழே நின்றது.

மறுபடி எழுதலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தபோதுதான் அந்த இடி விழுந்தது. வேலைக்குக் கிளம்பிய அப்பா வாசலிலேயே சாய்ந்தார். பக்கவாதம். வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. மலாக்கா மருத்துவமனையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகும் எங்களைக் கண்ணால் பார்ப்பதோடு சரி. வாரங்கள் ஓடின. வாயிலிருந்து ஒரு சத்தம் இல்லை.

தேர்வுக்குப் பதிவு செய்யும் கடைசி நாள் நெருங்கியது. இருக்கிற மதிப்பெண்ணோடு விண்ணப்பிப்பதா? அப்பாவை அம்மாவின் தலையில் போட்டுவிட்டு மறுபடி படிக்க உட்காருவதா?

"அதான் ஒரு தடவ எழுதிட்டியே மா. அந்த மார்க்க வச்சே போடு லா. கிடைச்சா கிடைக்கட்டும்" என்றார் அம்மா.

"அது பத்தாதும்மா. பார்த்ததுமே தள்ளி வச்சிருவாங்க."

"அப்பாவத் தூக்கி உட்கார வைக்கவே ரெண்டு ஆள் வேணும். நான் ஒருத்தியா என்ன பண்ணுவேன், சொல்லு."

என் மேலாளரோ, மறுபடி எழுது, இப்போது விட்டால் பிறகு எழுதவே மாட்டாய் என்றார். இருவர் பேச்சும் எனக்கு நியாயமாகவே பட்டது. அழுகைதான் வந்தது.

அந்த வெள்ளிக்கிழமை தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்குப் போனேன். விளக்கேற்றினேன். "தாயே, ஆளுக்கு ஒன்னு சொல்றாங்க. எனக்கு ஒன்னும் புரியல. நீயே வாய் திறந்து சொல்லு. நீ சொன்னா நான் கேக்குறேன்" என்று வேண்டினேன். இந்த வேண்டுதலை யாரிடமும் சொல்லவில்லை. அம்மாவிடம்கூட.

மறுநாள் காலை அப்பாவுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். கரண்டியை அவர் உதட்டருகே கொண்டுபோனேன். அவர் வாங்கவில்லை. என்னையே பார்த்தார். உதடு கோணியது. தொண்டை அசைந்தது.

"எழுது" என்றார்.

கரண்டி என் கையிலிருந்து நழுவியது. அடுப்படியிலிருந்து அம்மா ஓடிவந்தார்.

"யாரு பேசுனது? அவரா பேசுனாரு?"

"எழுதுன்னு சொன்னாரும்மா."

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்து, "ஆத்தா, ஆத்தா" என்று கும்பிட்டார். அழுகை ஓய்ந்ததும் என் பக்கம் திரும்பினார். "நீ போய் எழுதுமா. பக்கத்து வீட்டு அக்காவக் கூப்பிட்டுக்கிறேன். நான் பார்த்துக்கிறேன்."

நானும் அம்மாவும் தேர்வைப் பற்றிப் பேசியது அப்பாவின் காதில் விழுந்திருக்கலாம். அதை நான் மறைக்கவில்லை. சிலருக்குப் பேச்சு இப்படித் திடீரென்று வரும் என்று மருத்துவரும் சொன்னார். ஆனால் வாய் திறந்து சொல் என்று நான் கேட்ட மறுநாளே, வீட்டில் மூடிக் கிடந்த அந்த ஒரு வாய் அல்லவா திறந்தது! அதன் பிறகு பல வாரங்கள் அப்பா மறுபடி பேசவே இல்லை.

அன்றே பதிவு செய்தேன். தொழிற்சாலை பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் கணக்குப் போட்டேன். தேர்வு மண்டபத்தில் அந்தக் கணக்குப் பகுதி வந்தபோது என் கையைப் பார்த்தேன். நடுக்கம் இல்லை. யாரோ பக்கத்தில் உட்கார்ந்திருப்பதுபோல் மனம் அமைதியாக இருந்தது. கடைசிக் கேள்விவரை எழுதினேன். மதிப்பெண் உயர்ந்தது. வேலை பார்த்துக்கொண்டே படிக்கும் வகுப்பில் இடம் கிடைத்தது.

அப்பாவுக்கும் சிறிது சிறிதாகப் பேச்சு திரும்பியது. பட்டமளிப்பு விழாவுக்குக் கைத்தடி ஊன்றி வந்தார். விழா முடிந்ததும் கேட்டேன்.

"அன்னைக்கு ஏன்ப்பா எழுதுன்னு சொன்னீங்க?"

அப்பா என்னை வியப்போடு பார்த்தார். "நானா? நான் எப்பம்மா சொன்னேன்? அந்த மாசமெல்லாம் எனக்கு ஒன்னுமே ஞாபகம் இல்லையே."

அம்மா கோயில் இருக்கும் திசையைப் பார்த்துக் கைகூப்பினார்.

அதுவரை எனக்கு ஏதாவது வேண்டுமென்றால்தான் கோயிலுக்குப் போவேன். இப்போது கேட்க எதுவும் இல்லாத நாளிலும் போகிறேன். அவள் முன்னால் சும்மா நிற்கிறேன். வழி தெரியாமல் நிற்கும் என் சகோதர சகோதரிகளே, உங்கள் குழப்பத்தை அப்படியே அவளிடம் சொல்லுங்கள். நாம் பேசுவது அவளுக்குக் கேட்கிறது.