அக்காவுக்கு ஒன்றாம் எண்

கடையின் ஷட்டரை இடுப்பு உயரத்துக்கு மட்டும் தூக்கிக் குனிந்து உள்ளே நுழைகிறார். விளக்கைப் போடுவதில்லை. தோளில் தொங்கும் பையைக்கூட இறக்குவதில்லை. நேரே மேசைக்குப் போய், மடிக்கணினியைத் திறந்து, கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரியைத் தட்டுகிறார். நான்கு எழுத்து, ஓர் இடைவெளி, ஓர் எண். பதில் வரிகள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கி வருகின்றன. ஐந்தாறு வந்ததும் நிறுத்திவிட்டு, "சரி, எந்திரிச்சாச்சு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறார். அதற்குப் பிறகுதான் விளக்கு, மின்விசிறி, மீதி ஷட்டர், தேநீர் எல்லாம்.

தெருவில் அவருக்குக் கறுப்புத் திரைக்காரர் என்று பெயர். கடைக்குப் பெயர்ப்பலகை இருக்கிறது, யாரும் அதைப் படித்ததில்லை. லினக்ஸ் இயங்குதளம் போட்ட கணினிகளை மட்டும்தான் தொடுவார். மற்றதைக் கொண்டுவந்தால் எதிர்ச்சாரியில் இருக்கும் கடைக்குக் கை காட்டிவிடுவார். "எனக்கும் அதுக்கும் பேச்சுவார்த்தை இல்ல" என்பார். ஐம்பத்து நான்கு வயது. மூக்குக்கண்ணாடியின் ஒரு கால் உடைந்துபோய், நெட் வயருக்குள்ளிருந்து உருவிய நீலக் கம்பியால் கட்டியிருக்கிறது. கண்ணாடி மாற்றச் சொல்லி மனைவி சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டார். "கட்டு நல்லா நிக்குதே" என்பது அவருடைய கட்சி.

இன்னொரு விஷயம், அவர் உட்காருவதில்லை. ஸ்டூல் ஒன்று இருக்கிறது. அதன் மேல் பல வருஷமாகப் பழைய விசைப்பலகைகள் குவிந்து கிடக்கின்றன. நாள் முழுக்க நின்றபடிதான் வேலை. கேட்டால், "உக்காந்தா வேலை இழுத்துக்கும்" என்பார்.

அவரிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் ஒரே புகாரோடுதான் வருவார்கள்: நெட் வரவில்லை. மொழிபெயர்ப்பு வேலை பார்க்கும் ஒரு பெண் போன மாதம் மடிக்கணினியை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடிவந்தார். "நேத்து வரைக்கும் நல்லா இருந்துச்சு சார்!"

"எல்லாமே நேத்து வரைக்கும் நல்லாத்தாம்மா இருக்கும்."

கேபிளைப் பார்க்கவில்லை, எதையும் கழற்றவில்லை. கறுப்புத் திரையைத் திறந்து, காலையில் தட்டுகிற அதே மாதிரி வரியைத் தட்டினார்; ஒரு கணினி இன்னொன்றைக் கூப்பிட்டுப் பதில் கேட்கும் வரி அது. அவருக்கென்று ஒரு வரிசை உண்டு, அதை மாற்றவே மாட்டார். "முதல்ல அது தன்னைத்தானே கூப்பிட்டுப் பாக்கணும். தன் குரல் தனக்கே கேக்கலைன்னா ஊரைக் குத்தம் சொல்லிப் பிரயோசனம் இல்ல பாருங்க." கணினி தன்னைக் கூப்பிட்டது, கேட்டது. "அடுத்தது வாசல்ல நிக்கிற ஆளு." சுவரில் மாட்டியிருக்கும் நெட் பெட்டியைச் சொல்கிறார். அதுவும் பதில் சொன்னது. "அப்புறம் வெளியூர்." வெளியே எங்கோ இருக்கும் ஒரு கணினியை அதன் எண்ணைச் சொல்லிக் கூப்பிட்டார், வந்தது. "கடைசியா பேரு." பெயரைச் சொல்லிக் கூப்பிட்டபோது கணினி பேந்தப் பேந்த விழித்தது. "பாத்தீங்களா? நம்பர் தெரியுது, பேரு மறந்துபோச்சு. வயசானவங்களுக்கு வர்றதுதான்." ஏதோ ஒரு கோப்பில் ஒரு வரியைத் திருத்தினார். நெட் வந்துவிட்டது.

"கோளாறு உங்க பக்கம்தான்." இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு திருப்தி தெரியும். நெட் கம்பெனியைத் திட்டிக்கொண்டே வந்த எத்தனையோ பேர் இந்த ஒரு வாக்கியத்தில் வாயடைத்துப் போயிருக்கிறார்கள்.

அப்படியென்றால் காலையில் அவர் கூப்பிடுவது யாரை? அது தெருவில் யாருக்கும் தெரியாது. மனைவிக்கு மட்டும் தெரியும். வேறோர் ஊரில், பேருந்தில் போனால் அரை நாள் ஆகும் ஊரில், அவருடைய அக்கா வீட்டில் இருக்கும் பழைய மடிக்கணினியைத்தான் கூப்பிடுகிறார்.

அம்மா போனபோது அவருக்கு ஏழு வயது, அக்காவுக்குப் பதினேழு. தலை சீவிவிட்டது, பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போட்டது, காய்ச்சலில் கூடவே உட்கார்ந்திருந்தது எல்லாம் அக்காதான். அத்தான் இறந்த பிறகு தனியாக இருந்த அக்காவின் கணினி தடுமாறத் தொடங்கியது. அவர் போய் இரண்டு நாள் தங்கி, அதில் லினக்ஸ் போட்டுக் கொடுத்தார். கையோடு இன்னொரு காரியமும் செய்தார். அக்காவின் கணினியும் தன் கடைக் கணினியும் ஒரே வீட்டில் இருப்பதுபோல ஒன்றையொன்று பார்த்துக்கொள்ள ஒரு தனி வழி போட்டார். இரண்டுக்கும் எண் கொடுக்க வேண்டியிருந்தது. மூத்தவள் என்பதால் அக்காவுக்கு ஒன்று, தனக்கு இரண்டு.

அப்போதெல்லாம் வாரத்துக்கு இரண்டு முறையாவது அக்காவின் போன் வரும். வணக்கம், நலமா எதுவும் கிடையாது. "டேய், நெட் வரல" என்றுதான் ஆரம்பம். பெரும்பாலும் காரணம் ஒன்றுதான். அந்தக் கணினியின் இடது ஓரத்தில் நெட்டை அணைக்கும் சின்னத் தள்ளு சுவிட்ச் ஒன்று இருக்கிறது. அக்கா தூசி தட்டும்போது துணி பட்டு அது நகர்ந்துவிடும். இவர் சொல்லி அதைத் தள்ளிச் சரியானதும் அடுத்த நொடியே, "வந்துடுச்சு, வை" என்று சொல்லிப் போனை வைத்துவிடுவார். ஒரு முறை ஊருக்குப் போனபோது சுவிட்ச் மேல் கறுப்புத் துணி டேப்பை மூன்று மடிப்பாக ஒட்டி, கரண்டிக் காம்பால் தேய்த்துவிட்டு வந்தார். கத்தி வைத்தால்தான் உரியும். அன்றோடு போன் பாதியாகக் குறைந்துபோனது. ஏன்தான் ஒட்டினோமோ என்று அவரே நொந்துகொண்டதுண்டு.

பிறகு மீதிப் பாதியும் நின்றது. அத்தான் மைக் சரியாக இருக்கிறதா என்று பார்க்க அந்தக் கணினியில் அவ்வப்போது எதையாவது பேசிப் பதிவு செய்து வைப்பார். மொத்தம் பதினொன்று. ஒன்றில், "ஒண்ணு, ரெண்டு, மூணு, கேக்குதா?" என்று அவர் கத்த, சமையலறையிலிருந்து, "தெருவுக்கே கேக்குது, மெதுவா!" என்று அக்கா கத்துவது பின்னால் விழுந்திருக்கும். லினக்ஸ் போட்டபோது அந்தப் பதினொன்றும் அழிந்துபோயின. ஊரார் கணினி என்றால் அவர் தானே ஒரு முழு நகல் எடுத்து வைத்துக்கொண்டுதான் கை வைப்பார். அக்கா வீடாயிற்றே என்று வாய் வார்த்தையை நம்பிவிட்டார். "எல்லாம் எடுத்தாச்சாக்கா?" "எடுத்தாச்சு, எடுத்தாச்சு." அக்கா எடுத்து வைத்திருந்தது புகைப்படங்களை மட்டும்.

பல மாதம் கழித்து ஒரு பிற்பகலில் அத்தான் குரலைக் கேட்க ஆசைப்பட்டுத் தேடியபோதுதான் அக்காவுக்குத் தெரிந்தது. "அந்தப் பதினொண்ணு எங்கடா?" என்று போனில் கேட்டார். அவர் யோசிக்காமல், "எடுத்தாச்சுன்னு நீதானே சொன்னே?" என்றார். சொன்னது உண்மைதான். அந்த நேரத்தில் சொல்லியிருக்கக் கூடாத உண்மை. அக்கா போனை வைத்தார். நான்கு வருஷம் ஆகிறது.

அவர் ஓர் அடி முன்னே வைத்திருக்கலாம். முதலில் ரோஷம், பிறகு கூச்சம், அதன் பிறகு இத்தனை நாள் கழித்து என்னவென்று பேசுவது என்ற தயக்கம். ஆனால் அந்தத் தனி வழி மட்டும் அறுந்துபோகவில்லை. அக்கா காலையில் செய்தித்தாள் படிக்கக் கணினியைத் திறந்தால் இங்கே பதில் வரும். அக்கா எழுந்துவிட்டார், நடமாடுகிறார், இன்றும் இருக்கிறார். அவருக்கு அதுவே போதுமானதாக இருந்தது. நினைத்தால் அந்தக் கணினிக்குள்ளேயே போய்ப் பார்க்கலாம். ஒரு நாளும் போனதில்லை. சாவி கையில் இருந்தும், கதவைத் தட்டிவிட்டு உள்ளே சத்தம் கேட்டதும் திரும்பி வருகிறவர் மாதிரி.

போன வாரம் திங்கட்கிழமை பதில் வரவில்லை. வெளியே எங்காவது போயிருக்கலாம் என்று நினைத்துக்கொண்டார். செவ்வாயன்றும் வரவில்லை. பையைத் தோளில் மாட்டியபடியே வெகுநேரம் நின்றார். நிறுத்தியபோது நூறு சதவீதம் இழப்பு, அதாவது ஒன்றுக்கும் பதில் இல்லை என்று கணக்குச் சொன்னது கணினி. தினமும் யாரோ ஒருவருக்கு அவரே காட்டும் வரிதான் அது. அன்றைக்கு அதை மூன்று முறை படித்தார்.

தன் வரிசைப்படி ஆரம்பித்தார். தன்னைக் கூப்பிட்டார், கேட்டது. வாசல் பெட்டி, கேட்டது. வெளியூர், வந்தது. பெயர், தெரிந்தது. எல்லாம் சுத்தமாக இருந்தது. கோளாறு உங்கள் பக்கம் என்று ஊருக்கெல்லாம் சொல்கிற மனிதர், ஆண்டவா, கோளாறு என் பக்கமாகவே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டார். நன்றாக இருந்த வயரை வெட்டிப் புது முனை போட்டார். நெட் பெட்டியை நான்கு முறை அணைத்து ஏற்றினார். அவரிடமிருந்தே நெட் வாங்கிக்கொள்ளும் பக்கத்து நகல் கடை அம்மா, "அண்ணே, இன்னிக்கு என்ன கண்ணாமூச்சி ஆடுறீங்களா?" என்று அங்கிருந்தே குரல் கொடுத்தார்.

புதன்கிழமை சோறு இறங்கவில்லை. மனைவி பார்த்துவிட்டு, "அக்காவுக்கு ஒரு போன் போடுங்களேன். போட்டா உங்க கிரீடமா கழண்டு விழுந்துடும்?" என்றார். அவர் போனை எடுத்தார். அக்காவின் பெயர் வரை போனார், வைத்துவிட்டார். என்ன சொல்வது? உன் கணினி மூன்று நாளாகப் பதில் சொல்லவில்லை என்றால், நான்கு வருஷமாகத் தட்டிக்கொண்டிருந்ததைச் சொன்னதாகிவிடும்.

"பேசினா வைச்சுடுவாடி. அது கூடப் பரவாயில்ல. எடுக்கவே இல்லைன்னா?"

வெள்ளிக்கிழமையும் இப்படியே போனால் சனிக்கிழமை முதல் பேருந்தில் போவது என்று முடிவாயிற்று.

வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்கு வரியைத் தட்டியவர் அதை நிறுத்தவில்லை. லினக்ஸில் அப்படி ஒரு வசதி உண்டு. நாமாக நிறுத்தும் வரை அது நொடிக்கு ஒரு தடவை கூப்பிட்டுக்கொண்டே இருக்கும், சலிக்காது. அதை ஓரமாக ஓடவிட்டு வேறொருவர் கணினியைத் திறந்து வைத்து வேலை செய்துகொண்டிருந்தார். பதினோரு மணி வாக்கில் போன் அடித்தது. திரையில் அக்கா என்று இருந்தது. கையிலிருந்த திருகாணி கீழே விழுந்து எங்கோ உருண்டு போனது.

"டேய், நெட் வரல."

நான்கு வருஷத்துக்கு முன்னால் விட்ட இடத்திலிருந்து அப்படியே. அவரைப் பிழைப்பு காப்பாற்றியது, எல்லோரையும் கேட்கிற கேள்வியையே கேட்டார். "எப்பலேருந்துக்கா?"

"திங்கக்கிழமைலேருந்து."

"அஞ்சு நாளாவா? ஏன் சொல்லல?"

"இப்ப சொல்றேன்ல."

கறுப்புத் திரையைத் திறக்கச் சொல்லி, ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார். அக்கா ஒவ்வொன்றாகத் தட்டிவிட்டு, வந்ததை எழுத்துக் கூட்டி வாசித்தார். "ஹார்ட் பிளாக்டுன்னு ஒண்ணு இருக்கு. அதுக்கு நேரா யெஸ்னு போட்டிருக்கு."

அவர் தலையை நிமிர்த்தினார். கணினி தானாக நெட்டை மூடினால் அங்கே வேறு சொல் வரும். இது ஓரத்துச் சுவிட்சைத் தள்ளினால் மட்டும் வருவது.

"இடது பக்கம் சுவிட்ச் இருக்குமே, அது மேல கறுப்பு டேப் ஒட்டியிருந்தேனே?"

"டேப்பெல்லாம் இல்ல."

"இல்லையா? அது எப்படிக்கா..."

"எனக்கென்னடா தெரியும்? விழுந்திருக்கும்."

மூன்று மடிப்பு, கரண்டிக் காம்பால் தேய்த்தது. கத்தி வைக்காமல் தானாக விழாது. அவர் அதை விட்டுவிட்டு, வேறொன்றைச் சொன்னார். "அக்கா, அன்னிக்கு நான் ஒரு நகல் எடுத்திருக்கணும். நீ சொன்னாலும் சொல்லாட்டியும் எடுத்திருக்கணும். உன் மேல போட்டுப் பேசினது தப்புக்கா."

அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "சுவிட்சை எந்தப் பக்கம்டா தள்ளணும், சொல்லு" என்றார்.

"உன் பக்கமா."

சிறிது நேரத்தில் ஓரமாக ஓடிக்கொண்டிருந்த திரையில் ஒரு வரி விழுந்தது. ஒன்றாம் எண்ணிலிருந்து பதில். எத்தனையாவது கூப்பிடலுக்கு வந்த பதில் என்பதும் அந்த வரியிலேயே இருக்கும். ஏழாயிரத்து முந்நூற்று நாற்பத்தொன்று. அடுத்து நாற்பத்திரண்டு, நாற்பத்து மூன்று. வரிகள் சீராக இறங்கத் தொடங்கின. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார். வந்துகொண்டுதான் இருந்தன.

இனி என்ன, வந்துடுச்சு, வை என்று அக்கா சொல்லிவிடுவார். போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, மனசில்லாமல் கேட்டார். "வந்துடுச்சாக்கா?"

திரையில் ஏழெட்டு வரிகள் இறங்கின.

"இல்லடா," என்றார் அக்கா. "இன்னும் வரல."

அவர் திரையைப் பார்த்தார். மெல்ல அதை மடக்கி மூடினார்.

"சரிக்கா, முதல்லேருந்து பாக்கலாம்" என்று சொல்லிக்கொண்டே, ஸ்டூலின் மேல் கிடந்த விசைப்பலகைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வைத்துவிட்டு, அதை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.