கலாக்கான்ரை இடியப்பமும் புகை வராத அடுப்பும்

புகை வராத விறகடுப்பு விக்கிற தொழிலிலை முதல் எரியிறது விக்கிறவன்ரை கண்தான்.

சாமானைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாய் ஏறி இறங்கிற சக பாவப்பட்ட சீவன்களே, தண்ணி பில்டர்காரரே, காப்புறுதிக்காரரே, உங்களுக்கு நான் கனக்க விளங்கப்படுத்தத் தேவையில்லை. நான் கம்பசிலை இரண்டாம் வருசத்தோடை படிப்பை விட்டுப் பையைத் தூக்கினவன். ஒரு இடத்திலை இருந்து மற்றவன் கதைக்கிறதைக் கேக்கிறது எனக்குச் சரிவராது. இந்த வாயை நம்பித்தான் தவம் அண்ணை தன்ரை கடையிலை என்னைச் சேர்த்தவர். காஸ் விலை ஏறின நாளிலையிருந்து கடையிலை ஒரு மூலை முழுக்க விறகடுப்பு. எல்லாம் புகை குறைஞ்ச சாதி. ஆருக்கு எது பொருந்தும் எண்டு பாத்துத் தெரிவு செய்து குடுக்கிறது என்ரை பொறுப்பு. கேக்க லேசான வேலை மாதிரித்தான் இருக்கும்.

கடிதம்

ஒரு நாள் காலமை கலாக்கா ஒரு கடிதத்தோடை கடைக்கு வந்தா. கோப்பாய்ப் பக்கம் ஒரு ஒழுங்கையிலை இடியப்பம் அவிச்சு நாலு கடைக்குக் குடுக்கிறவ. மத்தியானம் இரண்டு மணிக்கு அடுப்பு மூட்டினா எண்டால் ஐஞ்சு மணி வரைக்கும் பானையை இறக்க மாட்டா. அந்த இடியப்பத்திலைதான் அவவின்ரை வீடு ஓடுது, மகளின்ரை ரியூசன் ஓடுது. அவவின்ரை வளவுக்குப் பக்கத்திலை லண்டனிலையிருந்து திரும்பி வந்த ஒரு ஐயா மாடி வீடு கட்டியிருக்கிறார். கலாக்கான்ரை புகை நேரை அவரின்ரை மேல் விறாந்தைக்குப் போகுதாம். மனுசன் சுகாதாரக் கந்தோரிலை முறைப்பாடு குடுத்திட்டார். கடிதத்திலை இருந்தது இதுதான்: இரண்டு கிழமையிலை பி.எச்.ஐ., அதுதான் சுகாதாரப் பரிசோதகர், வருவார், அண்டைக்கும் புகை மதில் தாண்டினால் அவிக்கிறதை நிப்பாட்ட வேணும்.

நான் அடுப்புகளைப் பற்றி ஒரு அரை மணித்தியாலம் கதைச்சன். விறகு எரியிற புகை வெளியிலை போக முன்னம் அதையும் உள்ளுக்கையே எரிக்கிற மாதிரித்தான் இதைச் செய்திருக்கிறாங்கள் எண்டு கையையும் காலையும் ஆட்டி விளங்கப்படுத்தினன். என்ரை வாழ்க்கையிலை நான் அவ்வளவு விஞ்ஞானம் கதைச்சதே இல்லை. அவ பொறுமையாக் கேட்டா. கேட்டுப்போட்டு விலைத்துண்டைத் திருப்பிப் பாத்தா.

"தம்பி, கொஞ்சம் புகைஞ்சாலும் பரவாயில்லை, பாதி விலையிலை ஒண்டு இல்லையோ?"

காத்தாடி

இதிலை பிழை என்னிலைதான், ஒத்துக்கொள்ளுறன். கடையிலை இருந்ததிலை ஆகக் குறையப் புகைக்கிறது காத்தாடி வைச்ச அடுப்பு. மேலாலை விறகுத் துண்டுகளை நிரப்பி, மேலாலையே கொளுத்த வேணும். கீழை ஒரு சின்னக் காத்தாடி பற்றரியிலை சுத்தும். எரிஞ்சால் நீலமா, வடிவா, கலியாண வீட்டு லைற் மாதிரி இருக்கும். கலாக்கான்ரை முற்றத்திலை வைச்சு ஒரு கேத்தில் தண்ணி கொதிக்க வைச்சுக் காட்டினன். ஒரு பொட்டுப் புகை இல்லை. ஒழுங்கைச் சனம் மதிலாலை எட்டிப் பாத்துது. எனக்கு நெஞ்சு இரண்டு அங்குலம் கூடிச்சுது.

அடுத்த நாள் பின்னேரம் போறன், ஒழுங்கை வாசலிலையே கண் எரியுது. உள்ளுக்கை கலாக்கா இருமி இருமி மேலாலை விறகைத் திணிக்கிறா. அந்த அடுப்பிலை ஒருக்கா நிரப்பினால் முக்கால் மணித்தியாலம் எரியும். இடையிலை விறகு போட்டால் அவ்வளவுதான், புகையிலைக்குப் புகை போடுற குடிலுக்கை இருக்கிற மாதிரிப் புகைக்கும். இதைக் கொம்பனிக்காரன் புத்தகத்திலை போட்டிருக்கிறான். நான் புத்தகத்தைக் கடைசிப் பக்கம் வரைக்கும் வாசிக்கிற ஆளாயிருந்தால் கம்பசையே முடிச்சிருப்பன். மேல் விறாந்தையிலை லண்டன் ஐயா போனைப் பிடிச்சு வீடியோ எடுத்துக்கொண்டு நிண்டார். நான் அவருக்குக் கை காட்டினன். அவர் காட்டேல்லை.

கலாக்கா கண்ணைத் துடைச்சுக்கொண்டு சொன்னா:

"தம்பி, நீங்கள் காட்டினது தேத்தண்ணிக்கு. நான் அவிக்கிறது நானூறு இடியப்பம்."

முதலாளி

அடுப்பை மாத்திக் குடுக்க வேணும் எண்டு தவம் அண்ணையைக் கேட்டன். வாய்ப்பக்கம் கறுத்துப்போன அடுப்பைச் சுத்திச் சுத்திப் பாத்தார், பிணப் பரிசோதனை செய்யுற டொக்டர் மாதிரி. "இதை இனி ஆருக்கடா விக்கிறது?" எண்டார். "புகை வராது எண்டதுக்கு ஆதாரம் அண்ணை, வாய்தான் கறுத்திருக்கு, பக்கம் கறுக்கேல்லை" எண்டன். அவர் சிரிக்கேல்லை. கதை எனக்கே சரியில்லை எண்டு விளங்கிச்சுது.

பிறகு உள்ளதைச் சொன்னன். அவவுக்கு வேண்டியது பக்கவாட்டாலை விறகு தள்ளுற அடுப்பு. சீமெந்தும் களிமண்ணும் சேர்த்து வார்த்தது. காத்தாடியும் இல்லை, பற்றரியும் இல்லை. விறகு எரிய எரியத் தள்ளிக்கொண்டே இருக்கலாம், மூண்டு மணித்தியாலம் எண்டாலும் எரியும். விலையும் குறைவு. இதை முதலே சொல்லியிருக்கலாமே எண்டு நீங்கள் கேப்பியள். நானும் என்னைக் கேட்டனான். விலை கூடினதை வித்துத் தள்ளடா எண்டு அவ கடைக்கு வந்த அண்டைக்குக் காலமைதான் அண்ணை சொல்லியிருந்தவர், நான் தள்ளினன். அவர் தாடையைச் சொறிஞ்சு ஒரு தீர்ப்புச் சொன்னார்.

"பி.எச்.ஐ. சரியெண்டால் அடுப்பு அவவுக்கு. சரியில்லையெண்டால் இரண்டு அடுப்பும் உனக்கு, கொண்டுபோய்ச் சமைச்சுத் தின்."

விறகு

புது அடுப்பைக் கலாக்கான்ரை குசினியிலை இறக்கினன். இனி விறகு. இந்த அடுப்புக்குப் பெருவிரல் தடிப்பிலை பிளந்த, நல்லாக் காய்ஞ்ச விறகு வேணும். வெளியிலை கார்த்திகை மழை. கலாக்கா வைச்சிருந்தது ஈரத் தேங்காய்ப் பொச்சும், பச்சைப் பூவரசங் கொப்பும், தண்ணி சொட்டுற பனைமட்டையும். பத்த வைக்கிறதுக்கு ஒரு சொப்பிங் பை. பொலித்தீனை எரிச்சால் எந்தக் கடவுள் செய்த அடுப்பும் புகைக்கும் எண்டு சொன்னன். "அதுதான் கெதியாப் பத்தும்" எண்டா.

பாத்தால், கோழிக்கூட்டுக்குப் பக்கத்திலை தகரத்துக்குக் கீழை பிளந்து அடுக்கின வேம்பும் நாவலும் ஒரு பாரம். எலும்பு மாதிரிக் காய்ஞ்சிருக்கு. தட்டினால் டொங் எண்டுது. இதை ஏன் எரிக்கேல்லை எண்டு கேட்டால், அது நல்லது கெட்டதுக்கு எண்டு வைச்சதாம். வீட்டிலை ஒரு கொண்டாட்டம் வந்தால், ஒரு செத்தவீடு வந்தால் சனத்துக்குச் சமைக்க வேணுமே. ஒவ்வொரு வீட்டிலையும் இப்பிடித்தான். நல்ல விறகு ஆரோ சாகும் மட்டும் காத்துக்கொண்டு கிடக்குது, உயிரோடை இருக்கிறவை ஈரப் பொச்சை ஊதி ஊதிச் சாகினம். "அக்கா, இடியப்பம் நிண்டால் அதைவிடக் கெட்டது உங்கடை வீட்டிலை வேறை என்ன?" எண்டு கேட்டன்.  அவ தகரத்தைத் தூக்கினா.

"உங்களுக்கு நாக்கிலையும் ஒரு காத்தாடி பூட்டியிருக்குத் தம்பி."

லண்டன் ஐயா

அண்டைக்குப் பின்னேரம் நானூறு இடியப்பமும் புகையில்லாமல் அவிஞ்சுது. அந்தச் சூட்டோடை, லண்டன் ஐயாவிட்டைப் போய் முறைப்பாட்டைத் திருப்பி எடுக்கச் சொல்லுவம் எண்டு அடுத்த நாள் காலமை படலையைத் திறந்தன். மனுசன் மரியாதையான ஆள். கதிரை போட்டு இருத்தினார். "நீர் என்ன படிச்சனீர்?" எண்டு கேட்டார். பாதி எண்டன். பிறகு அவர் படிப்பிக்கத் தொடங்கினார். லண்டனிலை அவர் இருந்த ஏரியா புகைத் தடை போட்ட ஏரியாவாம். அங்கை நினைச்ச விறகை எரிக்க ஏலாதாம், அடுப்பே அரசாங்கம் பாத்து ஒத்துக்கொண்ட அடுப்பாய் இருக்க வேணுமாம். ஈர விறகு விக்கிறவனைப் பிடிப்பாங்களாம். "ஒரு ஒழுங்கு இருக்குத் தம்பி அங்கை" எண்டார். நான் ஓம் ஓம் எண்டு தலையாட்டினன், ஏனெண்டால் மனுசன் சொல்லுறதிலை பிழையில்லை. நானும் அதைத்தானே ஒரு கிழமையாத் தொண்டை கிழியக் கத்திக்கொண்டு திரியிறன்.

என்ன கரைச்சலெண்டால், எனக்கு அவரைச் சரியாத் தெரியேல்லை. எங்கள் இரண்டு பேருக்கும் நடுவிலை புகை. முற்றத்து மாஞ்சருகு, வேப்பஞ்சருகு, இரவு பெய்ஞ்ச மழையிலை நனைஞ்சது, எல்லாத்தையும் கூட்டிக் குவிச்சு மூலையிலை கொளுத்தி விட்டிருக்கிறார். நான் இருமிக்கொண்டு கையாலை அங்கை காட்டினன். ஐயா திரும்பிப் பாத்தார்.

"அது புகையில்லைத் தம்பி, துப்பரவு."

முறைப்பாட்டைத் திருப்பி எடுக்கேல்லை எண்டதையும் சொல்ல வேணும்.

வெள்ளிக்கிழமை

பி.எச்.ஐ. வெள்ளிக்கிழமை மூண்டு மணிக்கு வாறன் எண்டு சொல்லியிருந்தார். எனக்குப் பயமில்லை. நாலு நாளா அடுப்பு ஒழுங்கா எரியுது. சும்மா ஒரு கெத்துக்குத்தான் இரண்டரைக்குப் போனன். ஒழுங்கை வாசலிலை கண் எரிஞ்சுது.

ஓடிப்போய்ப் பாத்தால் குசினிக் கூரையாலை புகை குபுகுபு எண்டு போகுது. காய்ஞ்ச விறகு, மெல்லிசாப் பிளந்தது, சொப்பிங் பை இல்லை. எல்லாம் சரி. நெருப்பு மட்டும் செத்துச் செத்து எரியுது. அப்பதான் அடுப்பைப் பாத்தன். பச்சைப் பசேல் எண்டு இருக்கு. மேலையிருந்து அடி வரைக்கும் மாட்டுச் சாணியாலை மெழுகி, நெத்தியிலை மூண்டு குறி திருநீறு, நடுவிலை சந்தனப் பொட்டு. அடுப்பின்ரை மேல் விளிம்பைச் சுத்திப் பதினெட்டு ஓட்டை இருக்கும். அதாலை காத்துப் போனால்தான் புகை உள்ளுக்கை எரியும். பதினெட்டிலை ஒண்டைக்கூடக் காணேல்லை.

"அக்கா, இதென்ன செய்தனீங்கள்?" எண்டு கேட்டன். என்ரை குரல் எனக்கே பொம்பிளைப் பிள்ளையின்ரை குரல் மாதிரிக் கேட்டுது. கலாக்கா இடியப்பம் பிழியிற கை உரலிலை மாவை வைச்சுக்கொண்டு என்னை ஒரு மாதிரிப் பாத்தா. வெள்ளிக்கிழமை அடுப்பு மெழுகாமல் மூட்டுற வீடு உலகத்திலை எங்கை இருக்கு எண்ட பார்வை.

"மெழுகேக்கை பாத்தன் தம்பி, மேலை ஓட்டை ஓட்டையா இருந்துது. செய்தவங்கள் ஒழுங்காப் பூசேல்லை, பாவம் நீங்களும் கவனிக்கேல்லை, நான் வடிவா அடைச்சு விட்டனான்."

பி.எச்.ஐ.

ஒரு பழைய குடைக்கம்பியை வாங்கி, எரியிற அடுப்புக்கு முன்னாலை குந்தியிருந்து ஓட்டைகளைக் குத்தத் தொடங்கினன். வாழ்க்கையிலை ஒரு சோதனைக்கும் நான் அவ்வளவு கவனமா இருந்ததில்லை. பத்தாவது ஓட்டையிலை என்ரை புருவம் கருகிச்சுது. பதினாலாவதிலை படலையடியிலை மோட்டச்சைக்கிள் சத்தம். கலாக்கா உலக்கையைப் பிடிச்ச மாதிரி இடியப்ப உரலை நெஞ்சோடை பிடிச்சுக்கொண்டு நிக்கிறா. "தம்பி, நாளைக்குக் கடையளுக்கு என்ன சொல்லுவன்?" எண்டு மெல்லமாக் கேட்டா. பதினெட்டையும் குத்தி முடிச்சு நிமிர, நெருப்பு ஒருக்கா உறுமிச்சுது. புகை குறைஞ்சு குறைஞ்சு இல்லாமல் போச்சுது.

பி.எச்.ஐ. நேரை உள்ளுக்கை வரேல்லை. முதல் லண்டன் ஐயாவின்ரை மேல் விறாந்தைக்குப் போய் நிண்டு பாத்தார். பிறகு மதிலடியிலை நிண்டு பாத்தார். பிறகு குசினி வாசலுக்கு வந்து மணிக்கூட்டைப் பாத்தார். "மூண்டு மணிக்கு அடுப்பு எரிய வேணும் எண்டு சொன்னனான். மூட்டிப்போட்டுக் கூப்பிடுங்கோ, எனக்கு வேறை வேலை இருக்கு" எண்டார். மூட்டியிருக்கு சேர் எண்டு நான் சொல்ல அவர் நம்பேல்லை. கலாக்கா பானை மூடியைத் தூக்கினா. ஆவி அடிச்சு மனுசன்ரை கண்ணாடி வெள்ளையாப் போச்சுது. கண்ணாடியைக் கழட்டித் துடைச்சு, குனிஞ்சு நெருப்பைப் பாத்தார், என்ரை புருவத்தைப் பாத்தார், அடுப்பின்ரை சந்தனப் பொட்டையும் பாத்தார். புத்தகத்திலை எழுதிக் கையெழுத்து வைச்சார். தொடர்ந்து அவிக்கலாம். இனி இடைக்கிடை சொல்லாமல் வந்து பாப்பாராம்.

மோட்டச்சைக்கிள் போன பிறகு நான் வாசல்படியிலை குந்திட்டன். கலாக்கா குந்தேல்லை, அடுத்த தட்டுக்குப் பிழிஞ்சுகொண்டிருந்தா. சந்தோசந்தானே அக்கா எண்டு கேட்டன். சந்தோசந்தான் எண்டா. நெத்தி வேர்வையை முழங்கையாலை துடைச்சுக்கொண்டு, அடுப்பை ஒருக்காக் கோவமாத் திரும்பிப் பாத்தா.

"பழைய அடுப்பெண்டால் இடைக்கிடை அணையும் தம்பி, அது திரும்ப எரியும் மட்டும் நானும் கொஞ்சம் காலை நீட்டி இருப்பன், உது அணையுதுமில்லை, என்னை இருக்க விடுகுதுமில்லை."

எந்த அடுப்பு எவ்வளவு புகைக்கும் எண்டு கொம்பனிக்காரன் புத்தகம் முழுக்க எழுதியிருக்கிறான், அடுப்புக்கு முன்னாலை நிக்கிறவ எந்த நேரம் இருந்து ஆறுறது எண்டு ஒரு வரியும் எழுதேல்லை, அதையும் திங்கக்கிழமை வந்து நான்தான் தனக்குச் சொல்லிக் குடுக்க வேணும் எண்டா கலாக்கா.