பதின்மூன்று எழுத்துகள்

நேற்று மாலை மொட்டைமாடியில் ஆன்டெனாக் கம்பியின் முனையைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். கடலோரத்து எங்கள் மில்லர்புரத்தின் உப்புக்காற்றுக்குத் தப்பிய செம்பு கிடையாது; களிம்பை உப்புத்தாளால் அடிக்கடி சுரண்டியாக வேண்டும். விரலில் ஒட்டிய அந்தக் கசந்த வாசத்தோடு இறங்கி வந்து கணினித் திரையைப் பார்த்தால், ஓடிக்கொண்டிருந்த அழைப்புக் குறிகளுக்கு நடுவே பினாங்குச் சண்முகத்தின் குறி. பன்னிரண்டு ஆண்டுகளாக நான் தேடிய குறி.

பொழுதுபோக்காக வானலையில் பேசும் அமெச்சூர் ரேடியோக்காரர்களான எங்களுக்கு அரசாங்கம் ஆளுக்கொரு குறி தந்திருக்கிறது; வானலையில் அதுவே எங்கள் பெயர். அந்நாளில் நாங்கள் தட்டச்சால் உரையாடினோம். இங்கே ஓர் எழுத்தைத் தட்டினால் அது ஒலியாகிக் கடல் கடந்து அங்கே திரையில் விழும். பிழையாகத் தட்டி அழித்தால், அழிப்பதும் தெரியும். துறைமுக அலுவலகத்திலிருந்து வந்து முகம் கழுவியதும் நான் அமர்ந்துவிடுவேன். சண்முகம் ரப்பர் தோட்டத்து மருந்தகத்தில் வேலை பார்த்தார்; அவர் தாத்தா கொற்கைப் பக்கத்து வயலை விட்டுக் கப்பலேறியவர். ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டுவார். "அண்ணாச்சி, அங்கன மழை உண்டா?" மூன்றாம் தலைமுறையிலும் அந்த 'அங்கன' தேயவில்லை. நானோ பாசுரம் ஓதிப் பழகிய மிடுக்கில், "இவ்வாண்டு மாரி பொய்த்துவிட்டாள்" என்று தட்டினேன். சற்றுப் பொறுத்து வந்தது பதில்: "மாரி யாரு அண்ணாச்சி, ஒங்க மவளா?"

அம்முறையில் சோம்பேறிகளுக்கு ஒரு வசதி இருந்தது. வழக்கமான வாக்கியங்களை முன்கூட்டியே சேமித்து வைத்து ஒரே விசையில் அனுப்பிவிடலாம். நான் சேமித்ததைச் சீர் பிரித்துச் செதுக்கி, அதில் பெருமையும் கொண்டிருந்தேன்: "தங்கள் செய்தி முழுவதும் கிடைத்தது. மிக்க மகிழ்ச்சி. இங்கு வானம் தெளிவு. இல்லத்தில் யாவரும் நலம். எல்லாம் அவன் அருள்."

ஒரு மாலை சண்முகம் மிக மெதுவாகத் தட்டிக்கொண்டிருந்தார். கோயிலில் நடை சாத்துமுன் போய்ச் சேரும் அவசரம் எனக்கு. எழுந்துபோய்க் கண்ணாடி முன் நின்று திருமண் இட்டுக்கொண்டேன். திரும்பியபோது அவர் முறை முடிந்ததற்கு அடையாளமான K மட்டும் கண்ணில் பட்டது. மேலே இருந்ததைப் படிக்காமல், சேமித்த பதிலுக்கான விசையை அழுத்தினேன்.

கிளம்ப எழுந்தபோது திரையில் பதில் விழுந்தது: "சரி அண்ணாச்சி." அவ்வளவுதான். அப்புறம்தான் மேலே படித்தேன். "அண்ணாச்சி, என் பொண்டாட்டி செவ்வாக்கெழம தவறிட்டா. ஒங்ககிட்ட சொல்லணும்னு தோணிச்சு."

அழைத்தேன், அவர் கருவியை அணைத்துவிட்டிருந்தார். கோயிலுக்கும் அன்று போகவில்லை. பின்னர் எழுதிய கடிதம், முகவரியில் ஆள் இல்லையென்று திரும்பி வந்தது.

இப்போதைய முறையில் பேச்சே இல்லை. பதினைந்து விநாடி ஒருவர், பதினைந்து விநாடி மற்றவர். கணினியே அழைக்கும், கணினியே பதில் சொல்லும்; ஒலி எத்தனை வலுவாகக் கேட்டது என்ற எண்ணை மாற்றிக்கொண்டு விடைபெறும். சொந்தமாக ஏதேனும் சொல்ல வேண்டுமானால் ஒரு முறைக்குப் பதின்மூன்று ஆங்கில எழுத்துகள், இடைவெளி உட்பட.

அவர் குறியைச் சொடுக்கினேன். நான் விசைகளைத் தேடுவதற்குள் அவர் கணினி எண்ணைத் தந்து, என் எண்ணை வாங்கி, வணக்கமும் சொல்லிவிட்டது. காப்பியோடு வந்த என் மனைவி கேட்டாள்: "ஆயிரம் பாட்டு மனப்பாடமாச் சொல்லுதிய, ஒரு மன்னிப்பு கேக்க இம்புட்டுத் தடுமாத்தமா?"

"ஏளா, பதிமூணு எழுத்துக்கு மேல போகாது!"

"அப்ப பதிமூணுக்குள்ள கேளுங்க."

MANNIKKAVUM. பதினொன்று; இடம் போதும். ஆனால் கேட்பது யாரென்று சொல்ல இடமில்லை. நான்கு முறை அனுப்பினேன். யாரையும் பெயர் சொல்லி அழைக்காத அந்த வரியை அவர் கணினி பொருட்படுத்தவில்லை. ஜப்பான்காரர் ஒருவரோடு எண் மாற்றிக்கொண்டிருந்தது. சண்முகம் திரையின் முன் இருந்தாரோ, இயந்திரத்தை ஓடவிட்டுச் சாப்பிடப் போயிருந்தாரோ. மீண்டும் அவர் குறியை அழைத்தேன். மீண்டும் எண்தான் வந்தது. இருட்டுவதற்குள் அவர் ஒலி மங்கி அடங்கியது. என் கணினியோ பதிவேட்டில் தானாகவே எழுதிக்கொண்டது: தொடர்பு நிறைவுற்றது.

எரிச்சல் தாளாமல், நாங்கள் முன்பு சந்தித்த பழைய அலைவரிசைக்கு மாறினேன். அந்நாளில் கூட்டத்தில் இடம் கிடைக்காமல் நாங்கள் அலைந்த அந்த இடத்தில் வெறும் இரைச்சல். தெய்வத்தைப் பதில் எதிர்பாராமல் அழைக்கத் தெரிந்த எனக்கு, மனிதரிடம் அந்தப் பொறுமை வரவில்லை. இருந்தும் அங்கேயே, தட்டச்சு முறையில், ஓர் எழுத்தும் சேமிப்பிலிருந்து எடுக்காமல் தட்டினேன்: "சண்முகம், அன்று நீங்கள் எழுதியதை நான் படிக்கவில்லை. படிக்காமலே பதில் அனுப்பிவிட்டேன். உங்கள் மனைவியின் பெயரைக்கூட நான் இதுவரை கேட்டதில்லை. அவர் பெயர் என்ன?"

முறை முடிந்ததென்று K தட்டிவிட்டுக் காத்திருந்தேன். அந்த அலைவரிசையில் இப்போது யாரும் இல்லை.