வளைகாப்புச் சேலையில் தைத்த கூடை

இதை என் வீட்டுக்காரரிடம்கூட நான் சொன்னதில்லை.

தீபாவளிப் பலகாரத்தை, நான் அண்ணி என்று கூப்பிடும் அவருடைய அக்காவுக்குக் கொண்டுபோக ஒரு துணிக்கூடை தைத்தேன். அவர் இருக்கும் திருவரங்குளத்துக்குப் பஸ் ஏறினேன்.

கூடையைத் திருப்பிப் பார்த்த அண்ணியின் முகம் இறுகியது.

"ஒன் வளைகாப்புக்கு நான் எடுத்துக் குடுத்த சேலைதானே இது?"

"தெரியாம வெட்டிட்டேன் அண்ணி."

"எட்டாவதோட நின்ன புத்திக்கு நல்ல சேலை எங்க தெரியப்போவுது?"

எப்போதும் சொல்வதுதான். முறுக்கைத் தட்டில் கொட்டிவிட்டு, சீனிப் பொட்டலம் ஒன்றைக் கூடைக்குள் எறிந்தார்.

"வெறுங்கூடையா அனுப்புற பழக்கம் இந்த வீட்டுல இல்ல. எடுத்துக்கிட்டுக் கெளம்பு."

நான் தெரிந்தேதான் வெட்டினேன். அவர் கண்ணில் படவேண்டும் என்றே முந்தானையை வெளிப்பக்கம் வைத்துத் தைத்தேன்.

அந்தச் சீனிப் பொட்டலத்தை இன்னும் பிரிக்கவில்லை. காப்பியில் போட்டுக் குடித்தால் அவர்மேல் இருக்கும் கோபமும் கரைந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.