இப்போது கொல்கத்தா எப்படி இருக்கிறது?

பவானிபூரில் டிராம் ஓடும் சாலையை விட்டு உள்ளே தள்ளி இருந்தது அந்த விடுதி. சமையலறை என் பொறுப்பு; வாசல் மேசையும் தொலைபேசியும் பரிதோஷ்தாவின் பொறுப்பு. வங்காளத்தில் 'தா' என்றால் அண்ணன்; ரத்த உறவில்லை என்றாலும் எனக்கு அவர் அப்படித்தான். ஐம்பதைத் தொட்டவர், கல்யாணம் ஆகாதவர்.

வெளியூர்க்காரர்கள் மே மாதம் வரலாமா என்று கேட்டால், "வராதீங்க. வெயிலைக்கூடத் தாங்கிடலாம், புழுக்கம் இருக்கே, சட்டையைப் பிழிஞ்சு பிழிஞ்சு போடணும். மார்கழிக்கு வாங்க, புது வெல்லத்துல செஞ்ச சந்தேஷ் மிட்டாய் கிடைக்கும்" என்பார்.

"நீ ஆள் பிடிக்கிறியா, விரட்டுறியா?" என்று கத்துவார் முதலாளி ஹல்தார் பாபு.

"வந்து வைதுட்டுப் போறதுக்கு, வராமலே இருக்கட்டுமே பாபு."

ஒரு குளிர்காலத்தில் அகர்தலாவிலிருந்து கேதகி தேப் என்ற ஆசிரியை பேசினாள். அவளுடைய அப்பா இளமையில் கொல்கத்தாவில் படித்தவர். மறுபடி ஒருமுறை பார்க்க ஆசைப்படுகிறார். வயதானவருக்கு எந்தப் பருவம் தோதாக இருக்கும்? பரிதோஷ்தா தை மாதத்தைச் சொல்லி அறையும் ஒதுக்கினார். கிளம்புவதற்குள் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து, அவர் படுக்கையில் விழுந்துவிட்டார்.

சில வாரம் கழித்து மறுபடி அவளே கூப்பிட்டாள். "அறைக்காக இல்லைங்க. இப்ப அங்க எப்படி இருக்குன்னு அப்பா கேக்கச் சொல்றார்."

பரிதோஷ்தா எழுந்து வாசல் வரை போய் நிமிர்ந்து பார்த்துவிட்டு வந்தார். "இலவ மரம் சிவந்துடுச்சுன்னு சொல்லுங்க. குயில் தூங்க விடலை. வெயில் இன்னும் ஏறலை."

அதன்பின் வாராவாரம் பேச்சுதான்.

"வானத்தைப் பத்திச் சொல்றதுக்குத் தலை வேற சீவணுமா, தா?" என்று கேட்டேன்.

"உன் மீன் கருகுது பிஜலி, போ."

சித்திரை மாதத்தில் ஒருநாள் மாலை வானம் மசியாகக் கறுத்தது. புயற்காற்று தெருப்புழுதியை அள்ளிக்கொண்டு வந்த நேரத்தில் தொலைபேசி அடித்தது. பரிதோஷ்தா எடுத்தார். ஜன்னலைத் திறந்து, ரிசீவரை வெளியே நீட்டிக்கொண்டு நின்றார். கதவுகள் படபடவென்று அறைந்துகொண்டன, தகரக்கூரையில் மழை கொட்டியது. தோள்வரை நனைந்தபின் அதைக் காதில் வைத்தார்.

"அப்பா அழறார்," என்றாள் கேதகி. "மண்வாசனை வருதாம் அவருக்கு."

ஆடியில் அந்தப் பெரியவர் போய்விட்டார். செய்தி சொன்னவள் பிறகு கூப்பிடவில்லை. லைன் உயிரோடு இருக்கிறதா என்று பரிதோஷ்தா அடிக்கடி எடுத்துக் காதில் வைத்துப் பார்ப்பார். நான் பார்க்காதது போல இருந்துகொள்வேன்.

ஆவணியில் கூப்பிட்டாள். அப்பாவின் அஸ்தியைக் கங்கையில் கரைக்க வருகிறாளாம்.

"இப்ப வேணாங்க. தெருவுல முழங்கால் தண்ணி. துர்கா பூஜை சமயத்துல வானம் தெளிஞ்சுடும், அப்ப வாங்க."

"நல்ல பருவம் பாத்துப் பாத்துத்தான் அப்பாவைக் கூட்டிட்டு வர முடியாமப் போச்சு. இனிமே பாக்கறதா இல்லை."

வந்தாள். டாக்ஸி தெருமுனையிலேயே நின்றுவிட்டது. பரிதோஷ்தா கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு குடையோடு தண்ணீருக்குள் இறங்கினார். அவள் அவரைவிட உயரம் என்று யாருக்குத் தெரியும்? அவர் பிடித்த குடையின் கம்பி அவள் நெற்றியில் இடித்தது. "ஐயோ!" என்று அவர் பதறினார். அவள் சிரித்தாள். சிரிப்பு நிற்காமல் அப்படியே அழுகையானது. தண்ணீர் சுற்றிலும் ஓட, இருவரும் அங்கேயே நின்றார்கள்.

மறுநாள் படித்துறையில் அவள் அஸ்தியைக் கரைக்கும்வரை பின்னால் நின்று குடை பிடித்தவர் அவர்தான். திரும்பியதும் சூடாகக் கிச்சடியும் கத்தரிக்காய் வறுவலும் பரிமாறினேன். தட்டைப் பார்த்தபடி பரிதோஷ்தா சொன்னார்:

"பூஜை லீவுக்கு ஒருமுறை வாங்களேன்."

"அறை குடுப்பீங்களா? அப்பல்லாம் இடமே இருக்காதாமே?"

"அறை எதுக்கு? கஸ்பாவுல என் அக்கா இருக்காங்க. அவங்க உங்களைப் பாக்கணும்."

கேதகி தலை நிமிராமல், "இன்னும் கொஞ்சம் கிச்சடி போடுங்க பிஜலி," என்றாள். வேறு பதில் யாருக்கு வேண்டும்?

மாசியில் கல்யாணம் நடந்தது. தம்தம் பக்கம் ஒரு பள்ளியில் அவளுக்கு வேலை கிடைத்தது. சில ஞாயிறுகளில் நான் அவர்கள் வீட்டுக்குச் சாப்பிடப் போவேன். கார்த்திகையில் போனபோது மின்விசிறிக்காகச் சண்டை நடந்துகொண்டிருந்தது.

"கொசு பிடுங்குது, சுத்தட்டும்."

"சளி பிடிச்சுக்கும் கேதகி."

சாப்பிட்ட களைப்பில் அவள் கண்ணயர்ந்தாள். பரிதோஷ்தா எழுந்து போனார். விசிறியை நிறுத்தத்தான் போகிறார் என்று நினைத்தேன். போர்வையை அவள் தோள்வரை இழுத்துவிட்டு, தன் கழுத்தில் மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு, காற்றுக்கு நேரே வந்து உட்கார்ந்தார்.